டம்ளருக்குள் ஒரே பெயர்

1

சுருட்டிய காகிதங்கள் கண்ணாடிச் சுவரில் உரசும் சத்தம். பெரிய சத்தம் ஒன்றுமில்லை. வேப்பஞ்சருகைப் பெருக்கி முறத்தில் தள்ளும்போது கடைசியில் கேட்குமே, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அம்மாள் யாயா, மூடியில் துளை போட்ட குடுவையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குகிறார். பெண்கள் பாயில் உட்கார்ந்து மரவள்ளி வறுவல் கொறிக்கிறார்கள். துளை வழியே ஒரு சுருள் விழுகிறது. கைதட்டுகிறார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஊர், இந்தோனேசியாவின் பாண்டுங். வாழ்க்கைப்பட்டு வந்த ஊர், வேலை பார்க்கும் ஊர், மகளைப் பெற்ற ஊர். இந்தக் குடுவை விளையாட்டுக்கு இங்கே அரிசான் என்று பெயர். நம் குலுக்கல் சீட்டேதான். மாதாமாதம் எல்லோரும் பணம் போடுவார்கள், ஒருத்திக்கு மொத்தமாக விழும். பலகாரம், வம்பு, யார் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்ற செய்தி எல்லாம் உண்டு. ஒரு காலத்தில் இந்தச் சத்தம் கேட்டால் தாம்பரத்தை ஒட்டிய செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடம் கண்முன் வந்து நிற்கும், மனசு இளகும். ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்த பிறகு இளகுவதில்லை. எரிகிறது.

தாம்பரம் பக்கம் மழை பிடித்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். முடிச்சூரில் வசந்தா அக்காவின் வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கிறதா, உள்ளே வந்துவிட்டதா, தெரியாது. ஃபோன் செய்து கேட்கலாம். கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், அதுவும் இந்தக் கதையில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. எங்கள் செம்பாக்கம் பக்கம் கேம்ப் ரோடு சந்திப்பில் சாயங்காலம் சிக்னல் அணைந்துபோனால் என்ன நடக்கிறது? போலீஸ்காரர் இல்லை. ஆனாலும் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் ஸ்கூட்டரும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே எப்படியோ கடந்துவிடுகின்றன. சின்னச் சின்ன நடத்தைகள் ஒன்றோடொன்று உரசி, யாரும் திட்டமிடாத ஓர் ஒழுங்கு பிறக்கிறது. அதை ஆராய்வதற்கு என்று ஓர் அறிவியல் இருக்கிறது, சிக்கல்தன்மைக் கோட்பாடு என்று. அதை வைத்துக்கொண்டு நான் இந்த நாட்டின் பழைய விஷயங்களைக் கிண்டிக்கொண்டிருக்கிறேன். பத்திக் துணியின் கோலங்கள், பாலித் தீவின் வெண்கல வாத்தியங்கள், பெண்களின் அரிசான்.

பாலியில் வெண்கலக் கட்டைகளை ஜோடி ஜோடியாகச் செய்வார்கள். ஜோடியில் ஒன்றின் சுருதியை மற்றதைவிட இம்மி தாழ்த்தி வைப்பார்கள், வேண்டுமென்றே. இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ஒலி நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயரே அலை. அலை இல்லாத வாத்தியத்தை உயிரில்லாதது என்பார்கள்.

அரிசானிலும் அந்த இம்மி இருக்கிறது. யாருக்காவது ஆகவேண்டிய செலவு கழுத்தைப் பிடிக்கும் மாதத்தில், குடுவைக்குள் இருக்கும் எல்லாச் சுருளிலும் அவள் பெயரையே எழுதிவிடுவார்கள். எழுதுகிறவளுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் குடுவையை முழு மரியாதையோடு குலுக்குவார்கள். சுருள் விழும். அவள் "ஐயோ, எனக்கா!" என்பாள். அதிர்ஷ்டம் கொடுத்தது, வாங்கிக்கொண்டாள். யார் முகத்தையும் பார்த்து நன்றி சொல்ல வேண்டியதில்லை. மிச்சச் சுருள்களை ஒருவரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். நெருக்கடி வரும்போது இந்தக் குழுக்கள் உடையாமல் இருப்பது எதனால் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, இந்தக் கள்ளக் குலுக்கலால்தான் என்று கட்டுரை எழுதினேன். "தேவையும் அதிர்ஷ்டமும் ஒரே வாரத்தில் வந்தால் அது அதிர்ஷ்டம் அல்ல" என்று அதில் ஒரு வரி. அந்த வரியை எழுதிய அன்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

2

என் மகள் ரத்னா பச்சை நிற இந்தோனேசியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறாள். பாட்டி வீட்டுக்கு வர அவளுக்கு விசா வேண்டும். விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம். சுற்றுலா, வணிகம், மருத்துவம், மாநாடு. "அம்மாவோட வீடுன்னு இல்லையே?" என்று கேட்டாள். இல்லை. நான் தவழ்ந்த தரையைப் பார்க்க என் வயிற்றில் பிறந்தவள் சுற்றுலாப் பயணியாக வந்தாள். மீனம்பாக்கத்தில் வரிசையும் வேறு. எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கையாட்டினாள், யாரோ ஒருத்திக்கு ஆட்டுவதுபோல.

அவளுடைய தமிழ் எனக்கு இன்னொரு எரிச்சல். அவள்மேல் இல்லை, என்மேல். இந்தோனேசியர்கள் எதற்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கல்யாணம் ஆனதா என்றால் இன்னும் இல்லை, குழந்தை உண்டா என்றால் இன்னும் இல்லை. எண்பது வயதுக் கன்னிகூட இன்னும் இல்லை என்றுதான் சொல்வாள். ரத்னா அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"தமிழ் படிக்கத் தெரியுமா கண்ணு?" என்றார் அம்மாவின் தோழி பிலோமினா.

"இன்னும் இல்ல."

"ஆட்டுக்கால் சூப் பிடிக்குமா?"

"இன்னும் இல்ல."

"நல்ல பொண்ணும்மா, எதையும் அடிச்சுச் சொல்லாது. அரசியல்ல சேர்த்து விடு" என்றார் பிலோமினா.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. செம்பாக்கம் கடைத்தெருவில் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு "சுடா, சுடா" என்றேன். போதும், முடிந்தது என்று அங்கே சொல்வது. கடைக்காரர், "சூடா இல்லக்கா, ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்தது" என்றார். நாக்கு எந்த நாட்டில் இருக்கிறது என்று அதற்கே தெரியவில்லை.

3

அம்மா செம்பாக்கத்தில் தனியாக இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை. காலனிப் பெண்கள் இன்றும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தம்பி டேனியல், நாவலூரில் மனைவி பிள்ளையோடு அடுக்குமாடியில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போவான். சிறுசேரியில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவன் இப்போது சொந்தமாக ஆரம்பித்திருக்கிறான். சீட்டுப் பிடிக்கும் பெண்களுக்கான ஒரு ஆப். பணம் போடவேண்டிய நாளை நினைவூட்டும், கணக்குப் பார்க்கும், குழு அரட்டையையும் பழைய கணக்கையும் பார்த்து, குலுக்கல் நேர்மையாக நடக்கிறதா என்று சோதிக்கும்.

"உன் பேப்பர்தாங்க்கா அடித்தளமே. இன்வெஸ்டர் மீட்டிங்ல உன் பேரைச் சொன்னேன், எல்லாரும் நிமிர்ந்து உக்காந்துட்டாங்க. அட்வைஸர்னு ஒரு கையெழுத்து போட்டுடு, போதும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பானேன், தம்பி நம் எழுத்தைப் படித்தான் என்றால் யாருக்குத்தான் இருக்காது? ஊருக்குப் போகும் முன் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

அம்மாவின் சீட்டுக் குழுதான் அவனுடைய முதல் சோதனைக் களம். ஏறக்குறைய எல்லோரும் ஆசிரியைகள். வசந்தா அக்கா மட்டும் முடிச்சூரிலிருந்து வருவார். அம்மாவோடு அதே பள்ளியில் கணக்கு நடத்தியவர், கணவர் தவறிவிட்டார், ஒரே மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் அவருடைய வீட்டில் ஃபேன் வரை தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப் போட்டு, தெரு ஏறிக்கொண்டே போகிறது, வீடு பள்ளத்தில் இறங்கிக்கொண்டே போகிறது. புகார் கொடுத்தால் ஒரு எண் தருவார்களாம். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் இன்னொரு எண். வயிற்றெரிச்சல். இப்போது அந்தப் பக்கத்தில் பலர் செய்வதுபோல வசந்தா அக்காவும் அடியில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிட முடிவு செய்திருந்தார். அந்த வேலை தெரிந்த வடநாட்டு ஆட்கள் அவர் தெருவிலேயே முகாம் போட்டிருந்தார்கள். ஐப்பசி மழைக்குள் முடியவேண்டுமென்றால் இந்த மாதச் சீட்டு அவருக்கு விழவேண்டும்.

எல்லோருக்கும் தெரியும். சீட்டு யாருக்கு என்று மட்டும் யாரும் பேசவில்லை. ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்து வந்து, அம்மா சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு சீட்டு எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை. பாண்டுங்கில் பழகியவள், எனக்குத் தெரியும்.

எவர்சில்வர் டம்ளர். மேலே கைக்குட்டை. பிலோமினா குலுக்கினார்.

"மெதுவா குலுக்குங்க டீச்சர், சுளுக்கிக்கப் போகுது."

"உனக்கு விழணும்னா நல்லா குலுக்கணும்டி."

"எனக்கா? எனக்கு எங்கே விழப்போகுது" என்றார் வசந்தா அக்கா, கொண்டையைச் சரிசெய்துகொண்டே. என்ன நடிப்பு!

ரத்னாவை எடுக்கச் சொன்னார்கள். எடுத்து, தமிழ் படிக்கத் தெரியாததால் அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கண்ணாடியைத் துடைத்து, நிதானமாகப் பிரித்து, "வசந்தா" என்றார். கைதட்டல். வசந்தா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ டீச்சர், நிஜமாவா? காலையில பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் சொன்னேன், கேட்டுட்டார் பாருங்க." அந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும்.

குலுக்கலைப் படம் பிடிக்க மேசைமேல் நிறுத்தி வைத்திருந்த டேனியலின் ஃபோன் சிணுங்கியது. திரையில் சிவப்பு.

"டிடெக்ட் பண்ணிடுச்சு!" என்று துள்ளி எழுந்தான். சின்னப் பையனாக இருந்தபோது ரேடியோவைப் பிரித்துப் பாட வைத்த அன்று இருந்த அதே முகம். "க்ரூப் சாட்டுல வீட்டைத் தூக்கணும்னு பேசியிருக்காங்க, அதே வாரம் சீட்டு விழுது. வெள்ளம் வந்த வருஷமும் இவங்களுக்குத்தான். அக்கா, உன் ரூல் வேலை செய்யுது!"

நான், "டேனி, வேண்டாம்" என்றேன். கேட்டானோ இல்லையோ. டம்ளரை எடுத்து டீப்பாயில் கவிழ்த்தான். ஒவ்வொன்றாகப் பிரித்தான். வசந்தா. வசந்தா. வசந்தா. வசந்தா.

"பாருங்க, எல்லாத்துலயும் ஒரே பேரு!"

ஃபேன் சுற்றியது. ஒரு சீட்டு பறந்து வசந்தா அக்காவின் காலடியில் விழுந்தது. "காத்து ஜாஸ்தியா இருக்கு, அந்த ஃபேனைக் கம்மி பண்ணுங்களேன்" என்று பிலோமினா எழுந்தார், எதையாவது சொல்லி மூடிவிட வேண்டும் என்று.

வசந்தா அக்கா குனிந்து அந்தச் சீட்டை எடுத்தார். அதைத் திரும்பச் சுருட்டினார்.

"எனக்குத் தெரியாதா தம்பி? போன சீட்டுல உங்க அம்மா பேரை எல்லாத்துலயும் எழுதினது யாருன்னு நினைக்கிறே? கண் ஆபரேஷன் ஆச்சே, அந்த மாசம். என் கையெழுத்துதான்."

"வசந்தா, போதும்" என்றார் அம்மா.

டேனியல் அம்மாவைப் பார்த்தான். "இன்சூரன்ஸ்ல வந்துடுச்சுன்னு சொன்னீங்களேம்மா?"

"காப்பி ஆறுது. எல்லாரும் குடிங்க."

எனக்கு அம்மா சொல்லியிருந்தது வேறு. பென்ஷன் பாக்கி வந்தது, அதில் முடித்துக்கொண்டேன் என்று. நாவலூரில் ஒரு மகன், பாண்டுங்கில் ஒரு மகள். கேட்டிருந்தால் இருவரும் அன்றைக்கே அனுப்பியிருப்போம். அம்மா எங்களிடம் கேட்கவில்லை, எவர்சில்வர் டம்ளரிடம் கேட்டிருக்கிறார்.

"வேற சீட்டு எழுதுங்க டீச்சர். எல்லார் பேரையும் எழுதுங்க. என் பேரு வேணாம்" என்றார் வசந்தா அக்கா.

"ஏய், பைத்தியமா உனக்கு? எல்லாருக்கும் சம்மதம்தானே! அவன் கெடக்கான், விடு" என்றார் பிலோமினா.

"தெரியாத மாதிரி இருந்த வரைக்கும் அது எனக்கு விழுந்த சீட்டு. இப்போ நீங்க எல்லாரும் குடுக்கறது. மகன்கிட்டயே நான் கை நீட்டுனதில்ல."

எவ்வளவோ சொன்னார்கள். அவர் பேனாவை எடுத்துத் தானே எழுதினார், தன் பெயரைத் தவிர்த்து. உண்மையான குலுக்கல். பிலோமினாவுக்கு விழுந்தது. கேம்ப் ரோட்டில் சொந்தக் கட்டடம், வாடகை வருகிறது, துபாயிலிருந்து மகள் அனுப்புகிறாள். "நான் இதை வெச்சுக்கிட்டு என்னடி பண்ணுவேன்?" என்று முந்தானையால் மூக்கைச் சிந்தினார். ஆப் பச்சை விளக்கு காட்டியது. நேர்மையான குலுக்கல்.

அவர்கள் போனபிறகு ரத்னா என் காதோடு அவளுடைய மொழியில் கேட்டாள். "மாமா ஏன் மிச்சச் சீட்டைப் பிரித்தார்? அதை யாரும் பிரிக்க மாட்டார்களே?" அரிசான் பாயில் உருண்டு வளர்ந்த பெண். விசா வாங்கி வந்த சுற்றுலாப் பயணி.

4

டேனியல் இரவு அங்கேயே தங்கிவிட்டான், மறுநாள் காலை மொட்டைமாடியில் இருவரும் சண்டை பிடித்துக்கொண்டோம். ஏரிப் பக்கமிருந்து காற்று. துணிக்கொடியில் அம்மாவின் புடவைகள் எங்களுக்கு நடுவே அறைந்துகொண்டிருந்தன.

"இதுல என் தப்பு என்னக்கா? நீ எழுதினதைத்தானே நான் ஆப்புல கோட் பண்ணேன்?"

"அந்தக் குலுக்கல் இருக்கறதாலதான் குழு உடையறதில்லைன்னு எழுதியிருக்கேன். மூணாவது பக்கம். படிச்சியா?"

"உடையறதில்லை, சரி. ஆனா அது ரிக்கிங். நாளைக்கு லட்சம் குழு இதுல வரும். எல்லாரும் அம்மா ஃப்ரெண்ட்ஸ் மாதிரி இருப்பாங்களா? ஏமாத்தறவன் இதையே பண்ணா எப்படிக் கண்டுபிடிப்பே?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை மேலும் கொளுத்தியது. உலகத்தில் எங்கோ ஒரு திருடன் இருக்கிறான் என்பதற்காக வசந்தா அக்காவின் காலடியில் அவர் பெயரைக் கொட்டவேண்டும், அப்படித்தானே? கோட் சூட் போட்ட மாநாடுகளில் நான் இந்த அரிசானைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அழகு, என்ன அழகு, இதைப் பெரிதாக்க முடியுமா என்பார்கள். எதைப் பார்த்தாலும் பெரிதாக்க முடியுமா என்றுதான் கேட்கிறார்கள். சுருதி தாழ்ந்த கட்டையைப் பார்த்ததும் அரத்தை எடுத்துக்கொண்டு ஓடிவருகிறார்கள், ராவிச் சரிசெய்ய. அலை போய்விட்டதே என்றால், எந்த அலை, அதை அளந்து காட்டு என்கிறார்கள். அளந்து காட்டியது நான்தான். 

"கையெழுத்து போட மாட்டேன்" என்றேன். "என் பேரு உன் ஆப்புல எங்கேயும் வரக்கூடாது."

"போடாதே. நல்லா இரு. அங்கே உக்காந்து பேப்பர் எழுது, கைதட்டுவாங்க. இங்கே வாரா வாரம் வந்து அம்மாவைப் பார்த்துக்கறது நான்."

"பார்த்துக்கிட்ட லட்சணம்தான் தெரிஞ்சுதே. கண் ஆபரேஷனுக்குப் பணம் எங்கேருந்து வந்துதுன்னுகூடத் தெரியாம."

"உனக்குத் தெரியுமா?"

கீழேயிருந்து அம்மா கத்தினார். "ரெண்டு பேரும் சண்டை போட்டது போதும், அந்தப் புடவையெல்லாம் எடுத்துக்கிட்டு இறங்குங்க. காஞ்சிருக்கும்."

எடுத்துக்கொண்டு இறங்கினோம். ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்தோம், சின்ன வயதில் செய்ததுபோல. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

5

கிளம்பும் நாளன்று டேனியல்தான் கார் ஓட்டினான். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டார், விமான நிலையம் அவருக்குப் பிடிக்காது. "முடிச்சூர் போய்ட்டுப் போகணும்" என்றேன். எதிர்த் திசை. மறுப்பான் என்று நினைத்தேன். தாம்பரம் மேம்பாலத்தில் மேற்கே திருப்பினான்.

வசந்தா அக்காவின் தெருவில் அந்த வடநாட்டு ஆட்கள் எதிர்வீட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அடியில் வரிசையாக இரும்பு ஜாக்கிகள். ஒருவன் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு திருகு திருகினார்கள். வீடு கண்ணுக்குத் தெரியாமல் உயர்ந்தது. சமையலறை ஜன்னலில் ஒரு பெண் சாவகாசமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம், வசந்தா அக்காவின் வெளிச்சுவரில், எந்த உயரத்துக்குத் தூக்குவது என்று அவர்கள் முன்பே போட்டிருந்த சிவப்புக் கோடு. என் இடுப்பு வரை இருந்தது. தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் வாசலுக்குப் போகவேண்டியிருந்தது.

"வா வா. ஏய், டிரைவரையும் உள்ளே கூப்பிடு" என்றார், காரில் இருப்பது யார் என்று நன்றாகத் தெரிந்தே.

டேனியல் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல நின்றான். ஃபேனுக்குக் கீழே பழைய வெள்ளத்தின் கறை, வெள்ளையடித்தும் போகாமல், மெல்லிய கோடாகத் தெரிந்தது. டீ வந்தது. டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அக்கா, அந்த வேலைக்கு நான் பணம் தரேன். கம்பெனிப் பணம் இல்ல. என்னோடது."

"எதுக்கு? எனக்கென்ன கேடு?"

"இல்லக்கா, மழைக்குள்ள..."

"அந்த ஆளுங்க எதிர்வீட்டை முடிச்சதும் பெருங்களத்தூர் போறாங்க. இனி தை மாசம்தான் வருவாங்களாம். அப்போ பார்ப்போம். நீ டீயைக் குடி, சக்கரை போதுமா?"

"போதும்."

"போதும்னா ஏன் முகத்தை அப்படி வெச்சிருக்கே? உங்க அம்மா வகுப்புல பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்ச பசங்க மாதிரி."

ரத்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.  வசந்தா அக்கா, மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றி வைத்துவிட்டுப் போனதைக் காட்டினார். ஃப்ரிட்ஜும் மேசைமேல் ஏறியிருந்தது. மேல்தட்டுச் சாமானை எடுக்க ஸ்டூல் போட வேண்டும். வீட்டைத் தூக்க முடியாததால் வீட்டுக்குள் இருப்பதை எல்லாம் தூக்கி வைத்திருந்தார்.

கோபத்தை யார்மேல் இறக்கி வைப்பது என்று தெரியாமல் எழுந்தேன். தாரைச் சுரண்டாமல் போடுகிறவன்மேலா, ஏரியைத் தூர்த்து மனை போட்டவன்மேலா, தம்பிமேலா, மூன்றாவது பக்கம் வரை யாரும் படிக்காத ஒரு கட்டுரைமேலா? விமானத்துக்கு நேரமாகிவிட்டது. இறங்கி வந்த அதே இரண்டு படியில் ஏறித் தெருவுக்கு வந்தோம். டேனியல் காரைத் திருப்பப் போனான். வசந்தா அக்கா படிக்குக் கீழே நின்றார். அவர் தலை என் மார்பு உயரத்தில் இருந்தது.

"என்ன குட்டி, தமிழ் படிக்கக் கத்துக்கிட்டியா?" என்றார் ரத்னாவிடம்.

"இன்னும் இல்ல."

"கத்துக்கோ. அடுத்த வாட்டி எடுக்கற சீட்டை நீயே படிக்கணும்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மழை பிடிச்சதும் ஃபோன் பண்றேன்க்கா" என்றேன்.

"மழையில பண்ணாதே. ஃபோனைப் பரண்மேல போட்டு வெச்சிருப்பேன், அடிச்சா யாரு ஏறி எடுக்கறது? தண்ணி வடிஞ்சதும் நானே கூப்பிடறேன். போய்ட்டு வா."